பத்திலிருந்து பதினைந்து வரை

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வார்டு ஆபீஸ் சூப்பர்வைசர் ஒரு டப்பா சிவப்பு பெயிண்டோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். அவரை வரவழைத்தது நான்தான். பதினாலு வயசில், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சர்க்கார் ஆளை வரவழைத்தவள் காஞ்சிபுரத்தில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் குடிமையியல் எடுப்பவர் மங்கையர்க்கரசி மிஸ். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மதியம் ஆனால் தொண்டை கட்டிக்கொள்ளும். உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளை எட்டுப் பாயிண்டாக நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் மூச்சு விடாமல் ஒப்பித்தோம். "சரி, உங்க வார்டு ஆபீஸ் எங்க இருக்கு?" என்று மிஸ் கேட்டார். ஒருத்திக்கும் தெரியவில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று நான் மட்டும் அடித்துவிட்டேன். அது எங்கள் பள்ளிக்கு நேர் பின்னால் இருக்கிறது.

மிஸ்ஸுக்கு வந்ததே கோபம். மறுநாளே 'ஒன்பது பி பேசுகிறது' என்று ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டார். இரண்டிரண்டு பேராக, அவரவர் தெருவைப் பற்றி எழுத வேண்டும். போர்டில் மூன்று விதிகள் போட்டார். எழுதியவள் பெயர் மேலேயே இருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததையும் கேட்டு உறுதி செய்ததையும் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. மூன்றாவது விதி: தப்பு வந்துவிட்டால் அழிக்கக் கூடாது, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே சரியானதை எழுதி, பெயர் போட வேண்டும்.

"அழிச்சிட்டா ஈசி இல்லியா மிஸ்?" என்று யாரோ கேட்டாள்.

"அழிச்சா நீ தப்பு பண்ணதும் தெரியாது, திருத்தினதும் தெரியாது."

"நாங்க தப்பு பண்ணாதான மிஸ் அந்தப் பிரச்சனை" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

ஓரிக்கையிலிருந்து வருகிற இரண்டு பேர் தங்கள் பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லாததைப் பற்றி எழுதினார்கள். பதினோரு பேர் படித்திருந்தார்கள். அதில் ஒன்பது தடவை அவர்களே திறந்து பார்த்தது. அடுத்தது எங்கள் முறை. நாங்கள் என்றால் நானும் ரூக்ஷாரும். எங்கள் தெரு முனையில் ஜரிகைக் கடை வைத்திருக்கிற அப்துல் ரஹ்மானின் மகள் அவள். போன் அவளுடையது, வாய் என்னுடையது.

நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் ஆக்கிரமிப்பு. எங்கள் தெருவின் அகலம் இருபத்திரண்டு அடி. அதில் யார் யார் எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று டேப் பிடித்து அளந்தோம். முதலாவது, யேசுதாஸ் அண்ணன் டீக்கடைத் தகரக்கூரை, மூன்று அடி. இரண்டாவது, ஒரு மாடி வீட்டுக்காரர் ரோட்டுக்கு இறக்கிவிட்ட நாலு படிக்கட்டு. நாலாவது, கவுன்சிலர் முனிரத்தினத்தின் மச்சான் நிறுத்திவிட்டு மாசக்கணக்கில் எடுக்காத வெள்ளைக் கார். இப்படி ஒன்பது. யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. ஜரிகைக் கடையின் விளம்பரப் பலகையை ஆறாவதாகப் போட்டபோது ரூக்ஷார் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தாள். "எங்க அத்தா கொன்னுடுவாரு" என்றாள். பிறகு அவளே அளந்து சொன்னாள்: ஒன்றரை அடி.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், நாலரை மணிக்கு, அவள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி முழுத் தெருவையும் ஒரே படமாக எடுத்தோம். அருமையான படம். அதற்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்று ரூக்ஷார் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. 'இதில் தெருவுக்குள் நிற்பவை எல்லாமே ஆக்கிரமிப்புதான்' என்று எழுதினேன். ஒரு பஞ்ச் இருக்க வேண்டாமா!

மிஸ் அதைப் படித்துவிட்டு, "இதை இப்படியே புகாரா அனுப்பினா இன்னா ஆவும்னு பார்க்கலாமா?" என்று கேட்டார். உற்சாகம் வந்தால் மிஸ்ஸுக்கும் எங்கள் பேச்சு வந்துவிடும். வகுப்பு முழுக்க ஹோ என்று கத்தியது. மாநகராட்சி இணையதளத்தின் புகார் பக்கத்தில் வலைப்பூவின் முகவரியையும் படத்தையும் போட்டு அனுப்பினோம். ஐந்தாம் நாள் பதில் வந்தது: உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, சனிக்கிழமை நேரில் ஆய்வு, புதன்கிழமை அகற்றம். நான் வராண்டாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினேன். எங்கள் பதிவை அதற்குள் நானூற்று ஆறு பேர் படித்திருந்தார்கள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். சூப்பர்வைசர் முன்னே நடந்தார், பெயிண்டுக்காரர் பின்னே, அவருக்குப் பின்னே நான். என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, பெயிண்டுக்காரர் எண் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடைத் தூணில் ஒன்று. யேசுதாஸ் அண்ணன் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். படிக்கட்டில் இரண்டு. கார்க் கண்ணாடியிலேயே நாலு என்று போட்டபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தெருக்கோடியில் மணல் குவியலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்பது. முடிந்தது. நான் பெருமூச்சு விட்டேன்.

பெயிண்டுக்காரர் திரும்பி நடந்து, தெருவோரம் நின்ற ஒரு கல்லில் பத்து என்று எழுதினார்.

அது பாவுக்கல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு இழைகள் அத்தனையையும் பாவாகச் சேர்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். இழுத்துக் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு கல் வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஆறு கல் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று பாவு நீட்டலாம். தெருவில் நாற்பத்தொரு தறி, அத்தனைக்கும் இந்த ஆறு கல்தான். வேறு எந்தத் தெருவிலும் எங்களுக்கு இடம் விட மாட்டார்கள், அவர்களுக்கே போதாது.

"சார், சார்! அது லிஸ்ட்ல இல்ல" என்றேன்.

"லிஸ்ட்ல இல்ல. ஆனா போட்டோல இருக்குதே." சூப்பர்வைசர் போனை நீட்டினார். "நீயே கீழ எழுதிக்கீற, படிம்மா."

நான் படிக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"அது பாவு நீட்டற கல்லு சார்."

"ஆறு வருசமா இந்த வார்டுல சுத்திக்கினு இருக்கேன், ஒரு நாள்கூட அதுல எதையும் கட்டி நான் பாத்ததில்ல. ரோட்டுல நாங்க வெக்காதது எதுவா இருந்தாலும் ஆக்கிரமிப்புதான்மா. புதன்கிழமை ஜேசிபி வரும்."

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பெயிண்டுக்காரருக்கு நல்ல கையெழுத்து. பதினைந்து போட்டு முடித்தபோது தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் அப்பா தனசேகரனும் வந்தார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

சூப்பர்வைசர் எங்கள் எல்லோர் முன்னாலும் ஆய்வுத் தாளை வாசித்தார். அதன் கடைசி வரி இது: புகார் அளித்தவர், த. பொன்னி, ஒன்பதாம் வகுப்பு 'பி'.

எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் மூன்று தறி வைத்து நடத்துபவர். அவர் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அன்று அவர் மெதுவாகத்தான் பேசினார். "ஏம்மா பொன்னி, செவ்வாக்கெழம விடிகாலைல எனக்கு பாவு இருக்குது. அதான் கடசி பாவாம்மா?" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நைனா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "அழிச்சுடு" என்றார்.

"எத?"

"நீ எழுதினத. ஒரு அமுக்கு அமுக்கினா பூடும்ல? அழிச்சுட்டு, நான் எழுதவேயில்லன்னு சொல்லு."

"அழிக்கக் கூடாது நைனா. ரூல் இருக்குது."

"ரூலா? ஆறு கல்லு போவுது, நீ ரூலு பேசிக்கினு இருக்கியா?" என்று சொல்லிவிட்டுத் தறிக் குழியில் இறங்கிவிட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது குழம்பை என் பக்கம் தள்ளுவதற்குக்கூட அம்மாவைத்தான் கூப்பிட்டார்.

மதியம் ரூக்ஷார் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மிஸ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆறு கல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நானும்தான் படிச்சேன், எனக்கும் தோணலையே" என்றார். ரூக்ஷார் என் காதில் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மிஸ் போன்ல லாகின் ஆகித்தான் இருக்குது, டெலிட் பண்ணிடலாம்டி" என்றாள்.

மிஸ்ஸுக்குக் கேட்டுவிட்டது. "பண்ணு. இந்தா போன். ஆனா அவங்ககிட்ட புகார் நம்பர் விழுந்துடுச்சு, அது அழியாது. நாம என்ன சொன்னோம்னு காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது, அவ்வளவுதான்."

"நான் கல்லுன்னு எழுதவே இல்ல மிஸ்!" என்று நான் வெடித்தேன். "ஒன்பதுதான் எழுதினேன். ஒன்பதும் கரெக்ட். அந்த ஆளுக்கு பாவுன்னா இன்னான்னே தெரியல, அதுக்கு நான் இன்னா பண்றது?"

"படத்துக்குக் கீழ இருக்கிற வரி யாருது?"

சூப்பர்வைசர் கொடுத்துவிட்டுப் போன ஆய்வுத் தாளின் நகலை நான் மிஸ்ஸிடம் நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நின்றுவிட்டார். "பொன்னி! பின்பக்கம்! சின்ன எழுத்துல!" என்று கட்டிய தொண்டையில் கத்தினார். ஆட்சேபனை உள்ளவர்கள் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் தக்க ஆதாரத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அங்கே போட்டிருந்தது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது!

ஆதாரம் என்ன என்பதுதான் கேள்வி. கல்லுக்குப் பட்டா கிடையாது, பில் கிடையாது. யார் நட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அப்போது ரூக்ஷார்தான் சொன்னாள்: "நம்ம பதிவுக்கு அடில கமெண்ட் போடலாம்ல? எந்தக் கல்லுல என்னிக்கு பாவு நீட்டினாங்கன்னு ஒவ்வொரு வீட்டையும் போடச் சொல்லலாம். தேதியோட, பேரோட." மிஸ் அவளைக் கட்டிக்கொண்டார்.

"ஆனா அதுக்கு முன்னாடி" என்று மிஸ் என்னைப் பார்த்தார்.

தெரியும். முன்னாடி நான் கோடு போட வேண்டும். நானூறு பேர் படித்த பதிவில், என் பெயருக்குக் கீழேயே, நான் தப்பு என்று நானே எழுத வேண்டும். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தேன். முதலில் எழுதியதில் சூப்பர்வைசரைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் படத்தைத் திட்டியிருந்தேன். மூன்றாவது தடவை வந்தது இது:

'திருத்தம். "இதில் தெருவுக்குள் நிற்பவை எல்லாமே ஆக்கிரமிப்புதான்" என்று மேலே நான் எழுதியது தவறு. படத்தில் பாவு நீட்டும் கற்கள் ஆறும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். அதனாலேயே அவை என் கண்ணில் படவில்லை. படம் எடுத்தது மாலை நாலரைக்கு. பாவு நீட்டுவது விடியற்காலையில். நான் நெசவாளி வீட்டுப் பெண், எனக்கு இது தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் எழுதினேன். த. பொன்னி.'

அனுப்பும் பொத்தானை அமுக்கியபோது அழுகையே வந்துவிட்டது. அமுக்கிய பிறகு பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் திருவிழாதான். ஒன்பது 'பி'யில் இருபத்தாறு பேர் வந்துவிட்டார்கள். ஓரிக்கைப் பெண்கள் இரண்டு பேரும் சைக்கிளில் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு வீடு பிரித்துக்கொண்டோம், திருத்தத்தை வாசிக்க நான் மட்டும் வீடு வீடாகப் போனேன். நெசவாளர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் போனில் அடிக்க வேண்டும். முதல் வீட்டில் கோபமாகத்தான் இருந்தார்கள். "இவதான எழுதி வெச்சா" என்று ஒருவர் என்னைக் காட்டினார். "ஆமாண்ணே, நான்தான். திருத்தத்தையும் படிச்சுக் காட்டறேன், கேளுங்க" என்று வாசித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் வாசித்தேன். ஏழாவது வீட்டில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வாய் திறந்த பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கல்லைப் பற்றிக் கேட்டால் காமாட்சியம்மாள் மருமகளைப் பற்றி ஆரம்பித்து, மழையில் நனைந்துபோன ஒரு பாவைப் பற்றிச் சொல்லி, கடைசியில்தான் கல்லுக்கு வந்தார். "எல்லாத்தையும் போடும்மா, வுடாத" என்றார். மருமகளை மட்டும் விட்டுவிட்டுப் போட்டோம். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று கமெண்ட். ஒவ்வொன்று ஏறும்போதும் யாராவது ஒருத்தி எண்ணைக் கத்துவாள், தெருவின் மறுமுனையிலிருந்து இன்னொருத்தி திருப்பிக் கத்துவாள்.

எங்கள் வீட்டுக்கு ஓரிக்கைப் பெண்ணை அனுப்பினேன். போனை வாங்கி, கோடு போட்ட வரியையும் அதன் கீழே இருந்த திருத்தத்தையும் பார்த்துவிட்டு நைனா ஒன்றும் சொல்லவில்லை என்று திரும்பி வந்தாள்.

மிஸ் அறுபத்து மூன்றையும் படித்தார். மூக்கைச் சொறிந்தார். "எல்லாரும் தறிக்காரங்க. அவங்க கல்லு, அவங்க சாட்சி. சம்பந்தமில்லாத ஆள் ஒருத்தர் சொன்னா நல்லா இருக்கும். தினமும் விடிகாலைல தெருவுல இருக்கிற ஆள்."

அப்படி ஒரே ஒரு ஆள்தான். டீக்கடையை நாலரை மணிக்குத் திறப்பவர். என் பட்டியலில் முதலாவது.

ரூக்ஷார் வர மாட்டேன் என்றுவிட்டாள். தனியாகத்தான் போனேன். யேசுதாஸ் அண்ணன் பாலைப் பொங்கவிட்டு இறக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே, "இன்னாம்மா ரிப்போர்ட்டரு, அடுத்து எத இடிக்கலாம்னு அளக்க வந்தியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாலு டீ ஆற்றினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தன் கூரைக்குக் கீழே நின்றார்.

"என் கூரை எவ்ளோன்னு எழுதின?"

"மூணு அடி."

"டேப் எடுத்துக்கினு வா."

எடுத்து வந்தேன். அவர் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்தார். நான் மறுமுனையை இழுத்தேன். இரண்டரை அடி. திரும்பவும் அளந்தேன். இரண்டரைதான். அன்றைக்குப் பெஞ்சையும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

"நான் புடிச்சது புடிச்சதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அரை அடி எனக்கு நீ ஜாஸ்தி போட்டுக்கீற. அதுக்கும் கோடு போடு. அப்பால நான் சொல்றேன், எழுதிக்கோ."

அங்கேயே நின்று கோடு போட்டேன். மூன்று அடியை வெட்டி இரண்டரை என்று எழுதி, பெயர் போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். திருப்தி. ஒரு டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அறுபத்து நாலாவது கமெண்ட் அது: 'நான் இந்தத் தெருவில் பன்னிரண்டு வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தறி இல்லை. தினமும் ஐந்தரை மணிக்குப் பாவு கட்டுவார்கள், ஏழரைக்குள் எடுத்துவிடுவார்கள். ஏழரைக்கு மேல் வருகிறவர்களுக்கு வெறும் கல்தான் தெரியும். யேசுதாஸ்.'

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஆட்சேபனை மனுவோடு சேர்த்து, வார்டு ஆபீசுக்குப் போனோம். இப்போது வழி நன்றாகத் தெரியும். சூப்பர்வைசர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நினைத்த மாதிரியே, "எல்லாம் அவங்க ஆளுங்கதானே" என்றார். நான் கடைசிப் பக்கத்தை எடுத்து மேலே வைத்தேன்.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "நாங்க டூட்டிக்கு வர்றதே பத்து மணிக்குத்தானேம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க சார். ஒரே ஒரு நாள்."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். ஐந்தரைக்குக் காமாட்சியம்மாள் வீட்டிலிருந்து பாவு வெளியே வந்தது, நல்ல மாம்பழ மஞ்சள். நைனாவும் இன்னும் நாலு பேரும் பதினொன்று என்று எண் போட்ட கல்லில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பதினாலை நோக்கி நடந்தார்கள். இரண்டாவது பாவும் வந்தது. எங்கள் வகுப்புப் பெண்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். மணி ஆறு. ஆறு ஐந்து. சூப்பர்வைசர் வரவில்லை.

ஆறு பத்துக்குத் தெரு முனையில் பைக் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர்! சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். பின்னால் பெயிண்டுக்காரர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பைக்கை உள்ளே ஓட்ட முடியவில்லை, தெருவின் பாதி அகலம் மஞ்சளாக இருந்தது. இறங்கி நடந்தார். பாவின் ஓரமாகவே கடைசி வரை நடந்தார். கஞ்சி தெளித்த இழையை ஒருவர் விரலால் பிரித்துவிடுவதை நின்று பார்த்தார். கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

நடுவில் நாலாவது எண் இருந்தது, கவுன்சிலர் மச்சானின் வெள்ளைக் கார். பாவு அதன் மேல் படாமல் இருக்க, ஆறு பேர் இருபக்கமும் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் குனிந்து அந்தப் பாவுக்குக் கீழே புகுந்து வந்தார். வெளியே வந்தபோது கழுத்தில் கஞ்சி ஒட்டியிருந்தது.

"தெனமும் இப்டித்தான் தூக்கிக்கினு நிக்கிறீங்களா?"

"மூணு மாசமா" என்றார் நைனா. கை மேலே இருந்ததால் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

சூப்பர்வைசர் பையிலிருந்து தாளை எடுத்தார். "புகார் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"ஆட்சேபனை?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டும் ஒரே ஆளுன்னா எழுதறதுக்கு இதுல எடமே இல்லியேம்மா" என்றார். பிறகு ஓரத்தில் சின்னதாக எழுதினார். பத்து முதல் பதினைந்து வரை பொதுப் பயன்பாட்டில் உள்ளவை, அகற்றத் தேவையில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை புகார் சரி. நான் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். அவ்வளவுதான், முப்பது பெண்கள் போட்ட கூச்சலில் பாவைப் பிடித்திருந்தவர்கள் பதறிவிட்டார்கள். "இழ! இழ! அறுத்துடாதீங்கடி!" என்று காமாட்சியம்மாள் கத்தினார். அந்தப் பழைய குரல் திரும்பிவிட்டது. ரூக்ஷார் என் முதுகில் ஓங்கி அடித்தாள். மிஸ்ஸுக்குச் சுத்தமாகத் தொண்டை போய்விட்டது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

யேசுதாஸ் அண்ணன் ஏணி போட்டுத் தன் தகரத்தைத் தானே வெட்ட ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு டீ வெயிலில்தான்.

ஏழரைக்குப் பாவைச் சுருட்டி எடுத்தார்கள். சூப்பர்வைசர் பெயிண்டுக்காரரைக் கூப்பிட்டார். "கல்லுல இருக்கிற நம்பரையெல்லாம் மண்ணெண்ண போட்டு அழிச்சுடுப்பா. அப்பால குழப்பம் வரும்."

பெயிண்டுக்காரர் துணியை நனைத்துக்கொண்டு பத்தாவது கல்லிடம் குனிந்தார்.

"அழிக்காதீங்க சார்."

சொன்னது நைனா. தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கல்லுக்கும் பெயிண்டுக்காரருக்கும் நடுவில் நின்றார். மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

"நம்பர் அப்டியே இருக்கட்டும். குறுக்கால ஒரு கோடு மட்டும் போடுங்க" என்றார். "அதான் ரூலு."